பைத்தானுக்கென்று ஒரு சில்லு: செய்யலாமா?

கடைசி வருட பிராஜெக்ட் பேச்சு தொடங்கும் நாட்களில் என்னிடம் வரும் குழுக்களில் ஒன்றாவது இதைக் கேட்காமல் இருப்பதில்லை: "சார், பைத்தான் ஸ்லோவா இருக்கறதுக்குக் காரணம் நடுவுல ஒரு இன்டர்பிரட்டர் உட்கார்ந்திருக்கறதுதானே? அதைத் தூக்கிட்டு பைத்தானையே நேரா ஓட்டுற பிராசஸர் ஒண்ணு எஃப்பிஜிஏல பண்ணலாமா?"

இன்டர்பிரட்டர் என்பது நாம் எழுதிய புரோகிராமை ஓடும்போதே படித்துச் செய்துகாட்டும் சாஃப்ட்வேர். எஃப்பிஜிஏ என்பது உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு. நல்ல கேள்விதான். அறுபது வருஷமாகப் பெரிய பெரிய ஆட்கள் கேட்டு, பணத்தைக் கொட்டிச் செய்தும் பார்த்த கேள்வி. இந்த முறை வந்த மூன்று பேரும் லேசில் விடுவதாக இல்லை. அவர்களிடம் வாயால் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கையில் இருப்பது எட்டு மாதம், ஆர்ட்டி ஏ7 100டி என்ற எஃப்பிஜிஏ போர்டு ஒன்று, மூன்று ஆட்கள். இதை வைத்துக்கொண்டு எந்த வழியில் போவது என்பதுதான் பேச்சு.

முதலில் நோய் எங்கே என்று பார்த்துவிடலாம். சாதாரண 64 பிட் கம்ப்யூட்டரில், பைத்தானில் 1 என்ற எண் 28 பைட் பிடிக்கிறது. எண்ணுக்கு 4 பைட் போதும். மிச்சமெல்லாம் அது என்ன வகை என்று காட்டும் பாயிண்டர் (ஒரு மெமரி விலாசம்), அதை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு, நீளம் ஆகியவை. லட்சம் எண்கள் உள்ள ஒரு லிஸ்டுக்குள் இருப்பவை எண்களே அல்ல, விலாசங்கள். எண்கள் மெமரியில் அங்கங்கே கிடக்கும். இரண்டைக் கூட்ட விலாசத்தை எடுக்க வேண்டும், அங்கே போக வேண்டும், வகையைப் பார்க்க வேண்டும், கூட்ட வேண்டும், விடைக்குப் புது இடம் பிடிக்க வேண்டும், பிடித்திருப்பவர் கணக்கை ஏற்றி இறக்க வேண்டும். கேஷில் (பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரியில்) இல்லாத விலாசத்துக்குப் போய்வர ஏறக்குறைய 100 நானோசெகண்டு ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது 300 சைக்கிள் கைகட்டி நிற்கிற நேரம்.

ஆக நோய் மூன்று. மெமரிக்கு நடையாய் நடப்பது ஒன்று. ஒவ்வொரு அடியிலும் 'நீ யார், என்ன வகை' என்று விசாரிப்பது இரண்டு. பைட்கோடை (இன்டர்பிரட்டருக்காகப் புரோகிராமை மாற்றி வைத்த சின்னக் கட்டளைகளை) பிரித்துப் படித்து எந்த வேலை என்று கண்டுபிடிப்பது மூன்று. மாணவர்கள் கண்ணில் படுவது மூன்றாவது மட்டும். இனி வரும் வழிகளை, எது எந்த நோய்க்கு மருந்து என்ற கேள்வியோடு பார்க்கலாம்.

முதல் வழி, மொழியையே அப்படியே கம்பிகளில் இழுத்துவிடுவது. கம்பைலர் (புரோகிராமை மெஷினின் கட்டளைகளாக மாற்றும் சாஃப்ட்வேர்) கிடையாது, ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது, எல்லாம் ஹார்டுவேர். இதைச் சிலர் உண்மையாகவே செய்தார்கள். ஃபேர்சைல்டு நிறுவனத்தில் உருவான சிம்பல் என்ற மெஷின் 1971ல் அமெரிக்காவின் ஐயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீங்கள் எழுதிய புரோகிராமை வாங்கி உள் வடிவத்துக்கு மாற்றுவது ஒரு ஹார்டுவேர் அலகு. மெமரியில் இடம் ஒதுக்குவது இன்னொரு அலகு. பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய நேரம் பங்கிடுவதுகூட கம்பிச் சுற்றுதான். இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் மொழியில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டுமென்றால்? சாஃப்ட்வேரில் ஒரு வரியை மாற்றிவிட்டுப் போகிற விஷயத்துக்கு இங்கே சுற்றையே மாற்ற வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு புரோகிராமை கம்பைல் செய்வது ஒரு முறை, ஓட்டுவது ஆயிரம் முறை. ஒரு முறை நடக்கிற வேலையை வேகப்படுத்த அலமாரி அலமாரியாகச் சுற்றுகள் செய்வது, கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சொந்தமாக அச்சகம் வாங்குகிற கதை. அந்த மெஷினைக் கிட்டத்தில் இருந்து பார்த்த டேவிட் டிட்செல், 1980ல் டேவிட் பேட்டர்சனோடு சேர்ந்து உயர்நிலை மொழிக் கம்ப்யூட்டர்களைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரை ஒன்றையும், எளிய இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் கொண்ட பிராசஸருக்காக வாதாடும் கட்டுரை ஒன்றையும் எழுதினார். இரண்டும் ஒரே வருஷம் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த வழியை மூவரும் ஐந்து நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள்.

அடுத்தது, "சரி சார், பைத்தான் வேண்டாம். பைத்தானோட பைட்கோடை மட்டும் ஹார்டுவேர்ல ஓட்டலாமே?" இது கேட்க நியாயமாக இருக்கும் வழி. முன்னோர்களும் நிறைய. 1979ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளியிட்ட பாஸ்கல் மைக்ரோஎன்ஜின், பாஸ்கல் கம்பைலர் தரும் பி-கோடு என்ற பைட்கோடை மைக்ரோகோடில் (சில்லுக்குள்ளேயே இருக்கும் அடிமட்டக் கட்டளைகளில்) நேராக ஓட்டியது. நிக்லாஸ் விர்த் சூரிச்சில் மாடுலா-2 மொழிக்காக லிலித் என்ற கம்ப்யூட்டரை உருவாக்கினார். ஜாவா வந்ததும் சன் நிறுவனம் பிகோஜாவா என்ற பிராசஸர் வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆர்ம் நிறுவனம் ஜசெல் என்ற பெயரில், ஜாவா பைட்கோடில் பெரும்பகுதியைத் தன் சாதாரண பிராசஸரிலேயே ஓட்டும் வசதியைச் சேர்த்தது. கடினமான சில பைட்கோடுகளை மட்டும் சாஃப்ட்வேரிடம் தள்ளிவிடும். பட்டன் போன்களில் ஜாவா கேம் ஆடிய தலைமுறைக்கு, ஜசெல் உள்ள சில்லுகள் பெயர் தெரியாமலேயே பழக்கம்.

ஜசெலின் முடிவுதான் நமக்குப் பாடம். கம்பைலர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே பைட்கோடை நேரடி இன்ஸ்ட்ரக்‌ஷன்களாக மாற்றிவிட்டால், அது ஹார்டுவேர் பைட்கோடைவிட வேகமாகவே ஓடுகிறது. காரணம் எளிது. ஜாவா பைட்கோடு ஒரு ஸ்டாக் மெஷினுக்கானது, அதாவது எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்தே எடுக்கும் மெஷினுக்கானது. இரண்டைத் தள்ளு, கூட்டு, விடையைத் தள்ளு என்றே போகும். ஹார்டுவேர் அதை உள்ளபடியே செய்யும். கம்பைலரோ பத்து இருபது பைட்கோடுகளைச் சேர்த்துப் பார்த்து, பாதியை வேண்டாம் என்று எறிந்துவிட்டு, மிச்சத்தை ரெஜிஸ்டர்களில் (பிராசஸரின் கைவசம் இருக்கும் சில இடங்களில்) வைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் 2008ல் ஆண்ட்ராய்டு வந்தபோது, அதன் டால்விக் மெஷின் ஜாவா பைட்கோடையே பயன்படுத்தவில்லை. ரெஜிஸ்டர் அடிப்படையில் வேறு ஒரு பைட்கோடு. உலகம் முழுக்க ஜாவாவில் ஆப் எழுதத் தொடங்கிய அதே நேரத்தில், ஜாவாவுக்கென்று சில்லில் ஒதுக்கிய இடம் வீணானது. ஆர்மின் 64 பிட் வடிவத்தில் ஜசெலுக்கு இடமில்லை.

பைத்தானில் இது இன்னும் மோசம். பைத்தான் 3.10 வரை கூட்டலுக்குத் தனியாக ஒரு பைட்கோடு இருந்தது. 2022 அக்டோபரில் வந்த 3.11ல் அதைக் காணோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் ஒரே பைட்கோடுக்குள் போய்விட்டன, எது என்று பக்கத்தில் ஓர் எண் சொல்லும். பைத்தானை உருவாக்குபவர்கள் பைட்கோடை மாறாமல் வைத்திருப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. மாணவர்கள் ஜூலையில் தொடங்கி மார்ச்சில் முடிப்பதற்குள் அவர்கள் சில்லு பழைய பைத்தானுக்கானதாகிவிடும். இதைச் சொன்னபோதுதான் அந்த மேசையில் முதல் முறையாக அமைதி வந்தது.

இந்த வழிக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஃபோர்த். சார்லஸ் மூர் உருவாக்கிய இந்த மொழியே ஒரு ஸ்டாக்தான். மொழிக்கும் மெஷினுக்கும் நடுவே மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. 1980களில் வந்த நோவிக்ஸ் சில்லு, அதன் வழியில் வந்த ஹாரிஸ் ஆர்டிஎக்ஸ் வரிசை எல்லாம் சின்னவை, சிக்கனமானவை, எத்தனை சைக்கிள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தவை. 2014 நவம்பரில் வால்நட்சத்திரத்தில் போய் இறங்கிய ஃபிலே கலத்துக்குள் இருந்தது ஆர்டிஎக்ஸ்2010. ஆனால் கவனியுங்கள்: ஃபோர்த்தில் வகைச் சோதனை இல்லை, தானாகக் குப்பை அள்ளுவது (இனி வேண்டாத மெமரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது) இல்லை. அது உயர்நிலை மொழி என்பதைவிட, நல்ல அலங்காரம் செய்த அசெம்பிளி (மெஷினின் கட்டளைகளையே நேராக எழுதும் மொழி) என்றே நான் சொல்வேன். ஃபோர்த் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். குழுவுக்குப் பைத்தான் மேல் அவ்வளவு பிடிவாதம் இல்லையென்றால், ஒரு ஃபோர்த் சில்லு எட்டு மாதத்தில் கச்சிதமாக முடிகிற வேலை. அவர்களுக்குப் பிடிவாதம் இருந்தது.

மூன்றாவது வழி, பிராசஸருக்கு 'ஆப்ஜெக்ட்' (தன் வகை, அளவு போன்ற விவரங்களோடு சேர்ந்த தரவு) என்றால் என்ன என்று கற்றுக்கொடுப்பது. இதில் ஒரு பெரிய வெற்றியும் ஒரு பெரிய தோல்வியும் இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெற்றி, பரோஸ் பி5000. ராபர்ட் பார்ட்டன் தலைமையில் 1961 வாக்கில் உருவான வடிவம். ஆல்கால் 60 மொழி வசதியாக ஓடுவதற்காகவே வரைந்தது. 48 பிட் வார்த்தையில் (மெஷின் ஒரே மூச்சில் கையாளும் தரவுத் துண்டில்) ஒரு கொடி பிட், 'இது வெறும் தரவு அல்ல, ஒரு வரிசையை விவரிக்கும் சீட்டு' என்று சொல்லும். அந்தச் சீட்டுக்குள் வரிசையின் நீளமும் இருக்கும். எல்லை தாண்டி எட்டிப் பார்த்தால் மெஷினே தடுத்துவிடும். பின்னால் வந்த பி6500ல் அந்த ஒரு பிட், ஒவ்வொரு வார்த்தைக்கும் 3 டேக் (அடையாள) பிட்டாக வளர்ந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையே ஆல்காலின் ஒரு கிளை மொழியில் எழுதினார்கள். மற்றவர்கள் அசெம்பிளியில் மல்லுக்கட்டிய காலம் அது. இந்தக் குடும்பம் இன்னும் சாகவில்லை. யூனிசிஸ் நிறுவனம் அதை இப்போதும் விற்கிறது. என்ன, உள்ளே இருப்பது இன்டெல் பிராசஸர், பழைய இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் சாஃப்ட்வேரில் ஓடுகின்றன. மொழிக்காகச் செய்த ஹார்டுவேர் சாஃப்ட்வேராகி, மொழிக்காகச் செய்யாத ஹார்டுவேரில் வாழ்கிறது!

தோல்வி, இன்டெல் ஐஏபிஎக்ஸ் 432. 1975ல் தொடங்கி 1981ல் வெளிவந்தது. ஆப்ஜெக்ட்டுகள், அவற்றை யார் தொடலாம் என்ற அனுமதிகள், மெமரி ஒதுக்கீடு என்று எல்லாமே சில்லுக்குள். முக்கிய மொழி அடா. இன்ஸ்ட்ரக்‌ஷன்களின் நீளம் 6 பிட்டில் தொடங்கி 321 பிட் வரை போகும், பைட் எல்லையில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அது தயாராகும் வரை கடையை நடத்த அவசரமாகச் செய்ததுதான் 8086. எது பிழைத்தது என்று இந்தக் கட்டுரையைப் படிக்கிற லேப்டாப்பே சொல்லும்.

432 தோற்றதற்கு 'ஹார்டுவேரில் ஆப்ஜெக்ட் என்பதே தப்பு' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவார்கள். அது முழு உண்மை இல்லை. பின்னால் அதைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. டேட்டாவுக்குக் கேஷ் இல்லை, கைவசம் வைத்துக்கொள்ள ரெஜிஸ்டர்கள் இல்லை, வெளியே போகும் பஸ் (தரவுப் பாதை) 16 பிட். அடா கம்பைலரோ, பக்கத்து வீட்டுக்குப் போகிற சாதாரண ஃபங்ஷன் அழைப்புக்கும் பாஸ்போர்ட் சோதனை வைத்த விலையுயர்ந்த அழைப்பையே பயன்படுத்தியது. அதாவது, பாதுகாப்புக்கான ஹார்டுவேரில் இடத்தைச் செலவழித்துவிட்டு, வேகத்துக்கான அடிப்படையை விட்டுவிட்டார்கள். நம் மூன்று நோய்களில் முதலாவதற்கு, மெமரிக்கு நடக்கும் நடைக்கு, 432 மருந்து தரவே இல்லை. கூட்டத்தான் செய்தது. பரோஸ் காலத்தில் மெமரியும் பிராசஸரும் ஏறக்குறைய ஒரே வேகம், அதனால் அந்த நடை அங்கே பெரிதாகத் தெரியவில்லை.

குப்பை அள்ளுவதற்கு மட்டும் ஹார்டுவேர் உதவி என்பது நான்காவது வழி. அசுல் நிறுவனம் 2005 முதல் வேகா என்ற சில்லுகளைச் செய்து விற்றது. ஜாவா புரோகிராம் ஒரு பாயிண்டரை எடுக்கும் ஒவ்வொரு முறையும், அந்த ஆப்ஜெக்ட் இடம் மாறிவிட்டதா என்று ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷனே பார்த்துவிடும். புரோகிராம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே குப்பை அள்ள முடிந்தது. அருமையான வேலை. சில வருஷத்தில் அதே நிறுவனம் அதே உத்தியைச் சாதாரண சர்வர்களில் சாஃப்ட்வேராகக் கொண்டுவந்தது, சில்லை விட்டுவிட்டது. மூன்று மாணவர்களுக்கு இது அகலக்கால்.

இப்போது எனக்குப் பிடித்த வழி. இதில் மொழி சில்லுக்குள் போகாது. மொழி கேட்கும் ஒரு சின்ன சோதனை மட்டும் போகும்.

எம்ஐடியில் பிறந்த லிஸ்ப் மெஷின்களை எல்லாரும் 'லிஸ்ப் மொழியை நேரடியாக ஓட்டியவை' என்பார்கள். அது சரியில்லை. அவற்றிலும் கம்பைலர் உண்டு, கீழே இருந்தது ஒரு ஸ்டாக் மெஷின். விசேஷம் டேக்கில்தான். சிம்பாலிக்ஸ் 3600ல் வார்த்தைக்கு 36 பிட். கூட்டச் சொன்னால், இரண்டும் முழு எண்கள்தான் என்று நம்பிக் கூட்டலைத் தொடங்கிவிடும். அதே சைக்கிளில் பக்கத்திலேயே டேக் சோதனை நடக்கும். நம்பியது பொய் என்றால் விடையைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வழியில் போகும். சோதனைக்குத் தனி நேரம் இல்லை. வேறு வேலையோடு சேர்ந்தே நடந்துவிடுகிற சோதனை, அதுதான் ஹார்டுவேர் கொடுக்கக்கூடிய உண்மையான லாபம். சிம்பாலிக்ஸ் நிறுவனம் 1990களில் மூழ்கியது, ஏனென்றால் சன் போன்றவர்களின் சாதாரண வொர்க்ஸ்டேஷன்கள் வருஷா வருஷம் வேகமாகிக்கொண்டே போயின. (இணையத்தில் முதன்முதலாகப் பதிவான டாட் காம் முகவரி இவர்களுடையது, 1985 மார்ச் 15. பெயராவது நின்றது.)

அந்த யோசனை சின்ன சின்னதாக எங்கெங்கோ உயிரோடு இருக்கிறது. ஸ்பார்க் பிராசஸரில் டேக் பார்த்துக் கூட்டும் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்தது. ஆர்ம் 8.3 பதிப்பில், தசம எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் விதிப்படி முழு எண்ணாக மாற்ற என்றே ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்கிறது. மொழி முழுவதற்கும் சில்லு செய்யவில்லை. வலிக்கிற ஓர் இடத்தில் ஒரே ஓர் ஊசி. கேம்பிரிட்ஜின் செரி திட்டம் 128 பிட் பாயிண்டருக்கு ஒரு மறைவான டேக் பிட் வைக்கிறது. ஆர்மின் மெமரி டேகிங் 16 பைட்டுக்கு 4 பிட் வைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இவை இரண்டும் முதன்மையாக சி, சி++ புரோகிராம்களின் ஓட்டைகளை அடைக்கத்தான். உயர்நிலை மொழிக்காக பரோஸ் வைத்த கொடி பிட், அறுபது வருஷம் கழித்து கீழ்நிலை மொழியைக் காவல் காக்க வந்திருக்கிறது. இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸரை வைத்து, மெமரி பாதுகாப்புக்காக இப்படிச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2017லேயே வந்தது.

கடைசி வழி, எந்தச் சில்லும் செய்யாமல் கம்பைலரை மட்டும் நன்றாகச் செய்வது. வேகம் மட்டுமே குறிக்கோள் என்றால் இதுதான் பதில், தயக்கமில்லாமல் சொல்வேன். ஆனால் இவர்கள் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள். கம்பைலர் எழுதச் சொன்னால் கைடை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் நான் சொன்னது இது. ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசஸர் வடிவத்தை எடுங்கள். திறந்த வடிவம், சொந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் சேர்க்க என்றே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சக்தியின் சி-கிளாஸ் பிராசஸர் ஐந்து கட்ட பைப்லைன் (ஒவ்வொரு கட்டளையையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, அடுத்தடுத்த கட்டளைகளை ஒரே நேரத்தில் நகர்த்தும் வரிசை) கொண்டது, வஜ்ரா என்ற பெயரில் இதே ஆர்ட்டி 100டி போர்டில் ஏறும், மூலம் முழுக்கத் திறந்தது. புளூஸ்பெக் என்ற ஹார்டுவேர் வடிவமைப்பு மொழியில் எழுதியிருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போகும், போகட்டும். மேலே பெரிய பைத்தான் வேண்டாம், சின்னச் சில்லுகளுக்கான மைக்ரோபைத்தான் போதும். அதில் சின்ன முழு எண்களுக்கு 28 பைட் ஆப்ஜெக்ட் கிடையாது. எண்ணை ஒரு பிட் இடது பக்கம் தள்ளி, கடைசியில் 1 போட்டு, பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்துவிடுவார்கள். முதல் நோய் அங்கேயே பாதி குணம்.

ரிஸ்க்-ஃபைவில் ஒரு குறை உண்டு, அதுவே இவர்களுக்கு வாய்ப்பு. கூட்டல் வழிந்துவிட்டதா (விடை அதற்கான இடத்தில் அடங்காமல் போனதா) என்று சொல்லும் கொடி அதில் இல்லை. இரண்டு சின்ன எண்களைப் பத்திரமாகக் கூட்ட என்ன ஆகிறது என்று போர்டில் எழுதிப் பார்த்தோம். இரண்டின் கடைசி பிட்டும் 1தானா என்று பார்க்க மூன்று இன்ஸ்ட்ரக்‌ஷன். ஒன்றின் டேக்கைக் கழிக்க ஒன்று. கூட்ட ஒன்று. வழிந்ததா என்று பார்க்க மூன்று. மொத்தம் எட்டு. இதை ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனாக்கலாம். கூட்டும் சுற்றுக்குப் பக்கத்தில் சில கேட்டுகள், அவ்வளவுதான்.

அந்தச் சோதனை தோற்றால் என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். ஒருவன் லிஸ்ப் மெஷின் மாதிரி டிராப் அடிக்கலாம், அதாவது ஓடுகிற வேலையை நிறுத்தித் தனி வழிக்குத் தாவலாம் என்றான். லிஸ்ப் மெஷினில் அது மைக்ரோகோடுக்குத் தாவுவது, மலிவு. இங்கே டிராப் என்றால் பைப்லைனைக் காலி செய்து, ரெஜிஸ்டர்களைச் சேமித்து, திரும்பி வர வேண்டும். தசம எண்கள் வரும் புரோகிராமில் ஒவ்வொரு கூட்டலும் டிராப் ஆனால் கதை கந்தல். கூட்டத்தில் பேசாமல் இருந்த பெண் ஒரு வழி சொன்னாள்: சோதனை தோற்றால் விடையாக 0 போட்டுவிடலாம். சரியான சின்ன எண்ணின் கடைசி பிட் எப்போதும் 1, ஆகவே 0 ஒருபோதும் உண்மையான விடையாக இருக்க முடியாது. அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன், விடை 0 என்றால் மெதுவான வழிக்குப் போ என்று ஒரு சாதாரணத் தாவல். டிராப் வேண்டாம், புதுக் கொடி வேண்டாம். எட்டு இரண்டாகிவிட்டது. எனக்கு அது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதனால் புரோகிராம் நாலு மடங்கு வேகமாகும் என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு கூட்டலைச் சுற்றி மைக்ரோபைத்தான் ஓட்டும் மற்ற இன்ஸ்ட்ரக்‌ஷன்கள், பைட்கோடை எடுப்பது, ஃபங்ஷனுக்குள் போய் வருவது, எல்லாம் அப்படியே இருக்கும். அந்த எட்டு மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்தது லாபம். ஆகவே முதல் இரண்டு வாரம் புளூஸ்பெக்கைத் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம். மாற்றாத வஜ்ராவில் மைக்ரோபைத்தானை ஏற்றி, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சைக்கிள் கவுண்டரையும் இன்ஸ்ட்ரக்‌ஷன் கவுண்டரையும் வைத்து, நாலைந்து புரோகிராம்களில் அந்தப் பங்கை எண்ணிக்கொண்டு வர வேண்டும். பங்கு ரொம்பச் சின்னது என்று வந்தால் கூட்டலை விட்டுவிட்டு, பைட்கோடுக்குத் தாவும் இடத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்ப்போம். திங்கட்கிழமை போர்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.